ட்ரம் கோர்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு, அப்பாவின் வேலை காரணமாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கு வந்தேன். பள்ளியில் பாரிடோன் என்ற பித்தளை ஊதுகருவியைக் கற்றேன். 2007, 2008 ஆகிய இரண்டு கோடைகள் ஒரு ட்ரம் கோர் குழுவோடு நாடு முழுக்கப் பேருந்தில் சுற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறேன். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளி பேண்டில் சேர்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து "ட்ரம் கோரில் சேரட்டுமா?" என்று கேட்டதும் பெற்றோர் எனக்குப் போன் செய்கிறார்கள். வீடியோ பார்த்துவிட்டு ஊரிலிருந்து சித்தப்பாவும் அத்தையும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இவை.

ட்ரம் கோர் என்றால் என்ன?

பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றுகிறவர்கள். இவ்வளவும் சேர்ந்த ஓர் இளைஞர் குழு, அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதையும் மேடையாக்கிக்கொண்டு 10 முதல் 12 நிமிடம் வரை ஒரு நிகழ்ச்சி நடத்தும். கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸஃபோன் கிடையாது. ஊதுகிறவர்கள் ஊதிக்கொண்டே நடப்பார்கள், ஓடுவார்கள், முகம் பார்வையாளர் பக்கம் இருக்கப் பின்னோக்கியும் ஓடுவார்கள். ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம்.

பெயரைக் "கோர்" என்று சொல்லுங்கள். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், கடைசி எழுத்துகள் ஒலிக்காது.

குடியரசு தினத்தில் பார்க்கிற போலீஸ் பேண்டு மாதிரியா?

வேர் ஒன்றுதான். படையில் எக்காளமும் முரசும் கட்டளை சொல்லும் கருவிகள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் சங்கங்கள் ஊர் ஊராக இத்தகைய குழுக்களை வைத்திருந்தன. பிறகு தேவாலயங்களும் சாரணர் படைகளும் தங்கள் பகுதிப் பையன்களுக்காகத் தொடங்கின. சிகாகோப் பகுதியின் கேவலியர்ஸ் 1948-இல் ஒரு சாரணர் குழுவாகப் பிறந்தது. மேடிசன் ஸ்கவுட்ஸ் பெயரிலேயே சாரணர் இருக்கிறது.

போட்டிகளையும் விதிகளையும் வீரர் சங்கங்களே வைத்திருந்தன. பரிசுத் தொகையிலும் விதிகளிலும் தங்களுக்குக் குரல் இல்லை என்று குழு இயக்குநர்கள் பொறுமை இழந்தார்கள். அதன் விளைவாக டி.சி.ஐ. எனப்படும் ட்ரம் கோர் இன்டர்நேஷனல் உருவானது. அதன் முதல் இறுதிப்போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் ஊரில் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. போட்டி போடுகிற குழுக்களே சேர்ந்து கட்டிய அமைப்பு இது என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் எதிராளியைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இன்றைய நிகழ்ச்சிகள் அணிவகுப்பைவிட நாடகத்துக்கும் நடனத்துக்கும் நெருக்கமானவை. 1993-க்குப் பிறகு போட்டியை விட்டு விலகிய ஸ்டார் ஆஃப் இண்டியானா குழுவினர் உருவாக்கிய "ப்ளாஸ்ட்" என்ற மேடை நிகழ்ச்சி லண்டனுக்கும் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேக்கும் போய் 2001-இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கியது.

அப்போது பள்ளி பேண்டிலிருந்து என்ன வித்தியாசம்?

பள்ளி பேண்டு பள்ளிக்கு உரியது, பாடம் முடிந்தபின் நடப்பது. கோர் தனி அமைப்பு, லாப நோக்கம் இல்லாதது. குளிர்காலத்தில் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள். எங்கள் வரிசையில் டெக்சாஸ், அயோவா, ஃப்ளோரிடா, ஜப்பானிலிருந்துகூட ஒருவர் இருந்தார். மாதம் ஒரு வார இறுதி முகாம். கல்லூரி முடிந்ததும் மே மாதக் கடைசியில் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, மூன்று நான்கு வாரம் காலை முதல் இரவுவரை பயிற்சி. அப்புறம் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம்வரை பயணம். இவ்வளவும் ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக. அதே 11 நிமிடத்தை அந்தக் கோடை முழுக்கச் செதுக்குவோம்.

செதுக்குவது என்றால் எப்படி என்று சொல்கிறேன். மைதானத்தில் 5 கெஜத்துக்கு ஒரு கோடு இருக்கும். 5 கெஜத்துக்கு 8 காலடி என்பது அடிப்படைக் கணக்கு, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நான் நிற்க வேண்டிய இடம் ஒரு சின்ன நோட்டில் எழுதியிருக்கும். இந்தக் கோட்டிலிருந்து இத்தனை காலடி உள்ளே, அந்தக் குறியிலிருந்து இத்தனை காலடி பின்னே. அதை "டாட்" என்போம். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். நோட்டைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நடப்போம். ஜூலை பிறக்கும்போது நோட்டு தேவைப்படாது, கால் போய்ச் சேர்ந்துவிடும்.

புள்ளிகள் எப்படிப் போடுகிறார்கள்?

நூற்றுக்கு. நிகழ்ச்சி மொத்தமாக ஏற்படுத்தும் விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நடுவர்கள் பார்க்கும்போதே பேசிப் பதிவு செய்வார்கள், மறுநாள் பயிற்சியாளர்கள் அதைக் கேட்டுத் திருத்துவார்கள். 1984-க்கு முன் வேறு முறை. 100-இல் தொடங்கி ஒவ்வொரு தவறுக்கும் 0.1 புள்ளியைக் கழித்துக்கொண்டே வருவார்கள். காலடி மாறினால் கழிவு, சுருதி விலகினால் கழிவு. தவறைத் தேடும் முறை போய், செய்ததை அளக்கும் முறை வந்ததால்தான் இந்தக் கலை இவ்வளவு துணிச்சலாக வளர்ந்தது என்பது என் கருத்து. பழைய ஆட்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதுவரை இறுதிப்போட்டியில் கிடைத்த மிக உயர்ந்த புள்ளி 99.65. 2014-இல் கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் எடுத்தது. அதிகப் பட்டமும் அவர்களிடம்தான்: 21.

டூரில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

நாள் எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கஷ்டம். இரவு நிகழ்ச்சி முடிந்து, சீருடையைக் கழற்றி மாட்டி, சமையல் லாரியின் வாசலில் நின்று இரவுத் தின்பண்டம் வாங்கிச் சாப்பிட்டு, பேருந்தில் ஏறும்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும். அடுத்த ஊர் 300 மைல், சில நாள் 400 மைல். பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரன் கோடை முழுக்க ஒருவன்தான், அயோவாவில் சோளம் பயிரிடும் வீட்டுப் பையன். யார் ஜன்னல் பக்கம், யார் தலையணையை எங்கே வைப்பது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். அப்புறம் பேச்சே தேவையில்லை.

விடிவதற்கு முன் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பள்ளி வாசலில் பேருந்து நிற்கும். விளக்கு போடாமல், காற்றடைத்த மெத்தையைச் சுருட்டி அள்ளிக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் விரித்துப் படுப்போம். அதற்குத் "தரை நேரம்" என்று பெயர். எத்தனை மணிக்கு வந்தோமோ அதைப் பார்த்துத்தான் எழுப்புவார்கள். அந்தக் கூடங்களின் வாசனை எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. மெழுகு பூசிய மரம், ரப்பர் பந்து, ஈரத் துண்டு.

காலை உணவு, பிறகு உடற்பயிற்சி, பிறகு காட்சிப் பயிற்சி, மதியம் பகுதிவாரியாக இசை, பிறகு எல்லாரும் சேர்ந்து. நிகழ்ச்சி இல்லாத நாளில் 10 முதல் 12 மணி நேரம். ஒலிபெருக்கியில் தாளக்கருவியின் டக் டக் சத்தம் நாள் முழுக்க ஓடும், தூக்கத்திலும் ஓடும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேலன் தண்ணீர்க் குடம். வெயில் களிம்பை ஒருவர் முதுகுக்கு ஒருவர் தேய்த்துவிடுவோம். "நம்ம நிறத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று நினைத்து முதல் வாரம் நான் பூசவில்லை. கழுத்தின் பின்புறம் தோல் உரிந்தது. தமிழ்ப் பெற்றோர் தயவுசெய்து இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கடினமான பகுதி உடம்பு இல்லை. 40-ஆவது நாள் வாக்கில் ஒரு மதியம், அதே நான்கு விநாடிப் பகுதியை ஐம்பதாவது தடவை செய்யும்போது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனம் சொல்லும். எனக்கு அது ஓக்லஹோமாவில் வந்தது. அன்று என் வரிசையில் இருந்த மூத்தவர் ஒருவர் எதுவும் கேட்காமல் என் குடத்தை எடுத்துப் போய் நிரப்பி வந்து காலடியில் வைத்தார். அடுத்த தடவை எண்ணிக்கை தொடங்கியது. நானும் நடந்தேன்.

பெண் பிள்ளைகள் சேரலாமா?

சேரலாம். எங்கள் முரசு வரிசையின் தலைவி ஒரு பெண்தான்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

ஒரு முழு நீள லாரியின் உள்ளே சமையலறை. ஒரு நாளைக்கு நான்கு வேளை, 200 பேருக்கு. சமைக்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத பெற்றோரும் பழைய உறுப்பினர்களும்தான். சைவம் கிடைக்கும், கேட்க வேண்டும்.

என் இரண்டாவது கோடையில் அம்மா பத்து நாள் அந்த லாரியில் வேலை செய்தார். ஒருநாள் மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம் செய்யட்டுமா என்று தலைமைச் சமையல்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் சரி என்றார். தட்டுத் தட்டாக அரிசியை அடுப்புப் பெட்டியில் வேகவைத்து, இரண்டு பெரிய வாணலியில் கடுகு தாளித்து, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, அம்மா கொடுத்தார். அயோவாக்காரன் மூன்று தடவை வரிசையில் நின்றான். அன்றிலிருந்து குழு முழுக்க அவரை "அம்மா" என்றே கூப்பிட்டது, அது பெயர் என்று நினைத்துக்கொண்டு.

எதிர்க் குழுவின் மேல் கோபம் வராதா?

வரும் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2008 ஜூலையில் ஒரு மாலை, எங்கள் கருவி லாரிகளில் ஒன்று நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றுவிட்டது. மைதானத்தின் முன்புறம் நிற்கும் பெரிய தாளக்கருவிகள், அதாவது கட்டைகளை அடித்து வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி எல்லாம் அதற்குள். நாங்கள் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அந்தக் கோடை முழுக்க எங்களுக்குப் பக்கத்திலேயே புள்ளி எடுத்துக்கொண்டிருந்த குழு ஒன்று அன்று எங்களுக்கு முன்னால் ஆட வேண்டியது. சில நாள் அவர்கள் மேலே, சில நாள் நாங்கள். எங்கள் பயிற்சியாளர் அவர்களிடம் பேசப் போவதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள்.

தங்கள் நிகழ்ச்சியை முடித்ததும் கருவிகளை வெளியே தள்ளிக்கொண்டு போகாமல், மூச்சு இரைக்க இரைக்க எங்கள் பக்கம் திருப்பினார்கள். எங்கள் மரிம்பாக்காரர் உயரமானவர், அவர்களுடையவர் குள்ளம். அந்தப் பெண் மண்டியிட்டுக் கருவியின் கால்களைத் திருகி உயர்த்திக் கொடுத்ததை நான் மைதான ஓரத்தில் நின்று பார்த்தேன். சீருடை வியர்வையில் ஒட்டியிருந்தது. "மூன்றாவது கட்டை கொஞ்சம் மந்தம், அழுத்தி அடி" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நாங்கள் அவர்களைவிட அதிகம் எடுத்தோம். 0.3 புள்ளி. புள்ளி வாசித்தபோது கைதட்டியவர்களில் அவர்கள் இருந்தார்கள். மறு வாரம் அவர்கள் எங்களை முந்தினார்கள், நாங்கள் தட்டினோம்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்வது போதாது என்று தோன்றுகிறது. போட்டி போடுகிறவர்களே சேர்ந்து கட்டிய உலகம் இது என்று முன்பே சொன்னேன். அந்தக் கோடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்பாவுக்கு முழுதாகத் தெரியாது, கல்லூரி நண்பர்களுக்கு அறவே தெரியாது. தரை நேரம், குடம், ஐம்பதாவது தடவை, இதெல்லாம் தெரிந்தவர்கள் எதிர்ப் பேருந்தில் இருந்தவர்கள்தான்.

ரசிகர்கள் "பூ" (boo, கேலிக் கூச்சல்) என்று கத்துகிறார்களே, அது அவமதிப்புத்தானே?

இல்லை! முதல்முறை வருகிற எல்லாரும் இதில் திடுக்கிடுவார்கள். எங்கள் மாநிலத்தின் கேண்டன் நகரைச் சேர்ந்த ப்ளூகோட்ஸ் குழு வரும்போது அரங்கமே "ப்ளூ..." என்று நீட்டிக் கூவும். தூரத்திலிருந்து "பூ" என்று கேட்கும். அது அன்பு. நீங்களும் கூவலாம். அவர்கள் முதல் பட்டம் வென்றது 2016-இல், அடுத்தது 2024-இல்.

உண்மையான கூச்சலும் ஒரு காலத்தில் எழுந்ததுண்டு. 1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா வழக்கத்தை உடைத்த கறாரான நவீன இசையோடு வந்தபோது சில அரங்குகளில் கூச்சலிட்டார்கள். அவர்கள் அந்த ஆண்டு இரண்டாம் இடம். இன்று அதே நிகழ்ச்சியை இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள், அன்று கூச்சலிட்டவர்களில் சிலரும் சேர்த்து. களத்தில் நிற்கிறவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் அதை வடிவமைத்த பெரியவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கைதட்டுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ரசிகர்கள் எதற்குத்தான் சண்டை போடுகிறார்கள்?

கருவிகளுக்காக. பழைய எக்காளங்கள் ஜி சுருதியில் இருந்தன, அவற்றின் வால்வுகளே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுமதிக்கப்பட்டன. 2000-இல் எந்தச் சுருதிக் கருவியும் சரி என்றார்கள். 2004-இல் முன்வரிசைக் கருவிகளுக்கு மைக் வந்தது, 2009-இல் சின்தசைசர், 2014-இல் டிராம்போன். ஒவ்வொன்றுக்கும் "இத்தோடு முடிந்தது" என்று ஒரு தலைமுறை சொன்னது.

எனக்குப் பழைய ஜி எக்காளத்தின் சத்தம் பிடிக்கும். நெஞ்சில் அறையும் முரட்டுத்தனம் அது. மைக் சில நேரம் அளவு மீறுகிறது என்பதும் உண்மை. ஆனால் டிராம்போனை இழுக்கிற பிள்ளையிடம் "நீ செய்வது ட்ரம் கோர் இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனும் அதே மரத்தரையில்தான் படுக்கிறான்.

தோற்ற இரவு எப்படி இருக்கும்?

2008 ஆகஸ்டில் இறுதிச் சுற்று இண்டியானா மாநிலத்தின் ப்ளூமிங்டனில், பல்கலைக்கழக அரங்கில் நடந்தது. இறுதிக்கு 12 குழுக்கள்தான். எங்கள் குழு வெள்ளிக்கிழமை அரையிறுதியோடு நின்றது. சனிக்கிழமை சீருடை இல்லாமல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். தோற்றவர்களாக உட்கார்ந்தோம் என்று எழுத வருகிறது, ஆனால் அன்று அப்படி இருக்கவில்லை. நாங்கள் மட்டுமே புரிந்துகொள்ளக்கூடிய விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னோக்கி ஓடும்போது குதிகால் தரை தொடாமல் இருப்பது, பதினாறு பேர் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பது.

அந்த வாரம் முன்னணியில் இருந்தது ப்ளூ டெவில்ஸ். இல்லினாயின் ராக்ஃபோர்டைச் சேர்ந்த ஃபேண்டம் ரெஜிமென்ட், அடிமைகளின் கிளர்ச்சித் தலைவன் ஸ்பார்டகஸின் கதையைச் செய்தது. கடைசியில் ஆட்கள் ஒவ்வொருவராக "நான்தான் ஸ்பார்டகஸ்" என்று கத்துவார்கள். அந்த இரவு அரங்கமும் சேர்ந்து கத்தியது. நானும் கத்தினேன்.

பிறகு எல்லாக் குழுக்களும் மைதானத்தில் அணியணியாக வந்து நிற்க, கடைசி இடத்திலிருந்து மேல்நோக்கி வாசித்தார்கள். இரண்டாம் இடம், 98.100, ப்ளூ டெவில்ஸ். ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. ஃபேண்டம் 98.125. வித்தியாசம் ஆயிரத்தில் இருபத்தைந்து. அரங்கம் அதிர்ந்தது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் ப்ளூ டெவில்ஸ் வரிசைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை கலையவில்லை. கோடை முழுக்க உழைத்து, ஒரு காலடிக்கும் குறைவான ஏதோ ஒன்றில் தவறவிட்டு, அவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அடுத்த இரண்டு ஆண்டும் அவர்களே வென்றார்கள்.

எவ்வளவு செலவாகும்?

பெரிய குழுக்களில் கட்டணம் மட்டும் 5,000 டாலரைத் தாண்டிவிட்டது. முகாம்களுக்குப் போய்வரும் செலவு தனி. யாருக்கும் சம்பளம் கிடையாது, அந்தக் கோடையில் வேறு வேலையும் பார்க்க முடியாது. குழுக்களின் நிலையும் எளிதில்லை. 1934-இல் நியூ ஜெர்சியில் தொடங்கி 10 பட்டங்கள் வென்ற கேடட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. சாண்டா கிளாரா வேன்கார்ட் 2023-இல் பணப் பிரச்சினையால் பயணத்தை நிறுத்தி, மறு ஆண்டு திரும்பி வந்தது. உதவித்தொகைகள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். நான் ஒரு பாதியை மளிகைக் கடையில் வேலை செய்து சேர்த்தேன், மீதியை அப்பா கொடுத்தார். எதற்கு என்று புரியாமலேதான் கொடுத்தார்.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை நான் மதிக்கிறேன். 2018-இல் புகழ்பெற்ற குழு ஒன்றின் இயக்குநர் மீது பல பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள், அவர் விலகினார். நான் வணங்கிய உலகத்தில் அது நடந்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. பணியாளர்களின் பின்னணி பார்க்கப்படுகிறது, புகார் சொல்ல வழி இருக்கிறது. இருந்தாலும் நீங்களே கேளுங்கள்: இரவில் கூடத்தில் யார் பொறுப்பு? உடற்சிகிச்சை தெரிந்தவர் கூடவே வருவாரா? வெயில் மிஞ்சினால் பயிற்சியை நிறுத்துவது யார்? பதில் சொல்லத் தயங்கும் குழுவுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

வயது வரம்பு உண்டா?

22 வயதோடு முடிந்துவிடும். அதை "ஏஜ் அவுட்" என்பார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்குமேல் இளையோர் குழுவில் இடமில்லை. பெரியவர்களுக்கான குழுக்கள் தனியாக உண்டு.

என்னுடைய கடைசி நாள் 2008 அரையிறுதி நடந்த அந்த வெள்ளிக்கிழமை. கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் காலணியைக் கழற்றி மைதானத்திலேயே விட்டுவிட்டு வருவது பலருடைய வழக்கம். நானும் விட்டேன், இரண்டு கோடை தேய்ந்த கறுப்புக் காலணி, வலது பாதத்தில் ஒட்டுப் போட்டது. காலுறையோடு நடந்து வந்த என்னைப் பார்த்து அம்மா, "செருப்பு எங்கடா?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியவில்லை.

முதல்முறை பார்க்கப் போகிறோம். என்ன செய்யலாம்?

ஆகஸ்ட் இறுதிச் சுற்று இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது. முடிந்தால் அதற்கு முன் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் போன்ற திறந்தவெளி மைதானம் ஒன்றில் பாருங்கள். கூரை இல்லாத இடத்தில்தான் அந்தச் சத்தம் சரியாக வந்து சேரும். மேல் வரிசையில் உட்காருங்கள், உருவங்கள் மாறுவது அங்கிருந்துதான் தெரியும். இரண்டாம் தடவை பார்க்கும்போது கீழே வாருங்கள், முகங்களைப் பார்க்கலாம். நிகழ்ச்சி நடக்கும்போது படியில் ஏறி இறங்காதீர்கள், ஒரு குழு முடிந்து அடுத்தது வருவதற்குள் போய் வந்துவிடுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் முரசு வரிசை கைகளைச் சூடாக்கிக்கொள்ளும். அதைக் கேட்கவே தனிக்கூட்டம் கூடும். முரசின் தோல் குண்டு துளைக்காத உடைகளுக்குப் பயன்படும் கெவ்லார் இழை, அதனால்தான் அந்த வறண்ட, கூரான சத்தம். ஒரு கை தூரத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். முதல் குழு வருவதற்கு முன்பே போய்விடுங்கள். பெரிய பெயர்கள் இருட்டிய பிறகுதான் வரும். அதனால் பாதிப் பேர் ஏழரை மணிக்கு மேல் வருகிறார்கள். முதலில் ஆடுகிற சிறிய குழு, வெயில் கண்ணில் அடிக்க, காலி இருக்கைகளைப் பார்த்து ஊதும். எங்கள் குழுவும் அப்படி ஊதியிருக்கிறது. பாஸ்டன் க்ரூசேடர்ஸ் 1940-இல் தொடங்கிய குழு, முதல் பட்டம் கிடைத்தது 2025-இல். அத்தனை ஆண்டும் அவர்களுக்காக வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள்.

இப்போதும் போகிறீர்களா? உங்கள் குழு எது?

ஒவ்வொரு கோடையும். 2020-இல் நோய்த்தொற்றால் கோடை முழுவதுமே ரத்தானது. 2021-இல் புள்ளிகளே இல்லாமல் கொண்டாட்டமாக மட்டும் நடத்தினார்கள். அந்த ஆண்டு அரங்கில் எழுந்த சத்தம் எந்தப் போட்டியிலும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மனசு ப்ளூகோட்ஸ் பக்கம், மாநிலப் பாசம். ஆனால் அம்மாவோடு போனால் அது எடுபடாது. அம்மா தொப்பியும் மோர்ப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். போன தடவையும் அப்படித்தான், வெயில் இறங்காத நேரம், அரங்கில் ஆள் இல்லை. முதல் குழு முடித்ததும் எழுந்து நின்று தட்டினார். கொடி வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் மேலே நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கையை உயர்த்தி இன்னும் பலமாகத் தட்டிவிட்டு, "இவங்க எந்த ஊர்டா? லாரியில யாரு சமைக்கிறா?" என்று கேட்டார்.